மலையேற்றத்துக்கு முட்டைப் பொடி

கேள்வி: நண்பர்களோடு இமயமலையில் ஒரு வாரம் கூடாரம் போட்டு நடக்கப் போகிறோம். முட்டையைப் பொடியாக்கி எடுத்துப் போகலாமா? வீட்டிலேயே செய்ய முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: எடுத்துப் போகலாம். ஆனால் வீட்டில் செய்ய வேண்டாம். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். அதை மெல்லிய சூட்டில் பல மணி நேரம் காயவைக்கும்போது சால்மோனெல்லா கிருமிக்கு நாமே விருந்து வைக்கிறோம். வெயிலில் காயவைக்க முட்டை ஒன்றும் வடாம் இல்லை. ஆலையில் முதலில் பாஸ்ச்சரைஸ் செய்து, பிறகு சூடான காற்றில் பனித்துளி போலத் தெளிப்பார்கள். நொடிகளில் ஈரம் போய்விடும். ஈரோட்டிலேயே அப்படிப்பட்ட ஆலை இருக்கிறது, அங்கிருந்து ஏற்றுமதியும் ஆகிறது.

பேக்கரிச் சாமான் கடையிலோ இணையத்திலோ தேடுங்கள். உறையில் ‘முழு முட்டை’ என்று இருக்க வேண்டும். உடற்பயிற்சிக்காரர்கள் வாங்குவது வெறும் வெள்ளைக்கரு, அதில் ஆம்லெட் போட்டால் ரப்பர்தான். ஒரு முட்டைக்கு 12 கிராம் பொடி, 36 மில்லி தண்ணீர். முதலில் கொஞ்சம் நீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, அப்புறம் மீதியை ஊற்றுங்கள். கரைத்ததை வைத்திருக்காமல் உடனே நன்றாக வேகவிடுங்கள். மஞ்சள்கருவின் கொழுப்பு காற்றுப் பட்டால் காறிவிடும். அதனால் ஒவ்வொரு வேளைக்கும் தனிப் பொட்டலம்.

ருசி? பச்சை முட்டைக்கு ஈடில்லை. வெங்காயம், மிளகு தூக்கலாகப் போட்டுப் பொடிமாஸ் செய்தால் சாப்பிடலாம். இரண்டு நாள் நடைதான் என்றால் ஓட்டோடு முட்டையையே கொண்டு போங்கள்.