ஓர் எழுத்தால் வந்த வினை

எங்கள் கடைப் பலகைக்கு 'ஸ்டேஷனரி' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவள் நானே. 'ஆர்' எழுத்துக்கு முன் 'இ' வரவேண்டும். நான் 'ஏ' போட்டுவிட்டேன். 'இ' வந்தால் தாள், பேனா, உறை போன்ற எழுதுபொருள்கள்; 'ஏ' வந்தால் அசையாமல் நிற்பது. உச்சரிப்பு ஒன்றே; காது உதவாது. உறைக்கான 'என்வலப்' என்ற சொல் 'இ'யில் தொடங்குவதை நினைத்துக்கொண்டால் பிழை வராது.

அகராதியைப் பார்த்தால் வியப்பு! இரண்டும் நிற்றலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. இடைக்கால ஐரோப்பாவில், ஊர் சுற்றாமல் ஒரே இடத்தில் கடை வைத்துப் புத்தகம் விற்றவரே 'ஸ்டேஷனர்'.

"அப்படியானால் பாதி சரிதானே அம்மா! பெயிண்டர் கூலி மிச்சம்" என்று அப்பா சிரித்தார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை நானே ஏணியில் ஏறி 'ஏ'யை 'இ' ஆக்கினேன். சற்றுக் கோணல்தான்.