குதிகாலுக்கு அருகே ஒரு பூட்டு



டிராக்டரின் இருக்கையில் அமரும் இளம் ஓட்டுநர் ஸ்டியரிங், கிளட்ச், பிரேக், கியர், ஹைட்ராலிக் நெம்புகோல் ஆகியவற்றை ஒரு வாரத்தில் பழகிக்கொள்கிறார். ஆனால் பெரும்பாலான டிராக்டர்களில் வலது குதிகாலுக்கு அருகே தாழ்ந்து கிடக்கும் சிறு பெடல், அதாவது ஓட்டுநர்கள் ‘டிஃப் லாக்’ என்று சுருக்கி அழைக்கும் டிஃபரன்ஷியல் பூட்டு, வண்டி புதைந்து, ஒரு சக்கரம் சேற்றை வாரி இறைக்கத் தொடங்கிய பிறகே அவர் நினைவுக்கு வருகிறது. அந்த வேளையில் அதை மிதிப்பதால் பெரும்பாலும் பயன் குறைவு, சில வேளைகளில் சேதமும் உண்டு என்பதால், எப்போது மிதிப்பது, எப்போது காலை எடுப்பது என்ற இரண்டைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூட்டைப் புரிந்துகொள்ள, அது எதைப் பூட்டுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். டிஃபரன்ஷியல் என்பது பின் அச்சின் நடுவே இருக்கும் பல்சக்கரத் தொகுதி. பட்டறைகளில் அத்தொகுதி முழுவதையுமே ‘கிரவுன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு உருள வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்கொடுப்பதே இத்தொகுதியின் வேலை. பிரான்ஸைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர் 1827இல் நீராவி வண்டிக்காக வகுத்த இந்த ஏற்பாடு, அடிப்படையில் இன்றும் மாறவில்லை. பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 1.35 மீட்டர் என்று கொண்டால், வரப்போரத்தில் முழுதாகத் திரும்பி எதிர்த்திசையில் அடுத்த சாலுக்கு வரும்போது, வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 4.2 மீட்டர் கூடுதலாக உருள்கிறது; திருப்பம் குறுகலாக இருந்தாலும் அகலமாக இருந்தாலும் இந்த வேறுபாடு மாறுவதில்லை. நடுத்தர டிராக்டரின் பின்சக்கரத்துக்கு இது சுமார் ஒரு முழுச் சுற்று. பூட்டு போட்ட நிலையில் திரும்பினால் அந்த ஒரு சுற்றை எங்காவது செலவழித்தாக வேண்டும்: சேறாக இருந்தால் மண் அரைபடும், தார்ச்சாலையாக இருந்தால் டயர் தேயும் அல்லது ஆக்சில் தண்டு முறுக்கேறும்.

திருப்பத்தில் உதவும் இந்த ஏற்பாடு சேற்றில் கெடுதல் செய்வதற்கான காரணத்தை மாட்டு ஏரை நினைவில் வைத்திருப்பவர்கள் எளிதில் உணர்வார்கள். நுகத்தடி நடுவில் ஏர்க்காலோடு கட்டப்பட்டு, இருபுறமும் அசையும்படி இருக்கும்போது, ஒரு மாடு தளர்ந்தால் நுகம் அந்தப் பக்கம் பின்வாங்குகிறது. மற்ற மாடு எவ்வளவு வலுவுள்ளதாக இருந்தாலும், தளர்ந்த மாடு இழுக்கும் அளவுக்கு மேல் அதன் வலு கலப்பைக்குப் போய்ச் சேர்வதில்லை. பூட்டாத டிஃபரன்ஷியலும் அப்படியே இரு சக்கரங்களுக்கும் சம முறுக்கு விசையையே பகிர்ந்தளிக்கிறது. உலர்ந்த தரையில் நிற்கும் சக்கரத்தால் 100 பங்கு இழுக்க முடியும், சேற்றில் நிற்கும் சக்கரத்தால் 20 பங்குதான் முடியும் என்று வைத்துக்கொண்டால், வண்டிக்குக் கிடைப்பது 120 அன்று. இருபதும் இருபதுமாக 40 மட்டுமே. பூட்டு போட்டதும் இரண்டு ஆக்சில் தண்டுகளும் ஒரே தண்டாகிச் சேர்ந்து சுழல்வதால் முழு 120ம் கிடைக்கிறது. நுகத்தடியை அசையவிடாமல் ஏர்க்காலோடு இறுக்கிக் கட்டிவிட்டதற்கு ஒப்பானது இது. ஏர் பூட்டுதல் என்ற பழைய சொல் இங்கே வேறொரு பொருளில் திரும்பி வந்திருப்பது தற்செயலே ஆனாலும் ரசிக்கத்தக்கது.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது, அதை இளம் ஓட்டுநர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒரு சக்கரம் 100, மறு சக்கரம் 20 என்று பிடிமானம் வேறுபடும் இடத்தில்தான் பூட்டுக்கு வேலை உண்டு. இரண்டுமே 20 என்றால், பூட்டு போட்டாலும் போடாவிட்டாலும் கிடைப்பது அதே 40தான். பூட்டு புதிய பிடிமானம் எதையும் படைப்பதில்லை, ஒரு சக்கரத்திடம் வீணாகக் கிடந்ததை எடுத்துத் தருகிறது, அவ்வளவே. ஆகவே பெடலை மிதிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, வண்டி வழுக்குகிறதா என்பதைவிட, இரண்டு சக்கரங்களும் ஒரே மாதிரி மண்ணில் நிற்கின்றனவா என்பதுதான்.

அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டத்தைச் சுற்றிய நிலம் இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஊர் வேறு விடை தருகிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண்ணிலும் சரளையிலும் உள்ள முந்திரித் தோப்புகளில் மண் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கிறது; மழைநீர் அரித்த ஓடைகளைக் குறுக்கே கடக்கும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி மற்றது பாரமிழந்து நிற்கும் சில நொடிகளுக்கு மட்டும் பூட்டு தேவைப்படும். மரத்துக்கு மரம் வளைந்து வளைந்து உழ வேண்டிய தோப்பின் உள்ளே அதைத் தொடவே கூடாது, ஏனெனில் வளையும் ஒவ்வொரு முறையும் கெட்டியான சரளை சக்கரத்தை வழுக்கவிடாமல் பிடித்துக்கொள்ள, முறுக்கு முழுவதும் கிரவுனின் பற்களுக்கே போகிறது.

அரியலூர், பெரம்பலூர் பக்கத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் நிலம் இதற்கு நேர்மாறானது. கரிசல் களிமண் காய்ந்தால் வெடிக்கிறது, நனைந்தால் உப்பிப் பசையாகிறது. அந்தப் பசை டயரின் மேடுகளுக்கு இடையே அப்பிக்கொண்டு, சிறிது நேரத்தில் டயரையே வழவழப்பான உருளையாக்கிவிடுகிறது. இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிப்பை இழக்கும் இந்நிலையில் பூட்டு போடுவது, ஒரு குழிக்குப் பதிலாக இரண்டு குழி தோண்டுவதாகவே முடியும். அச்சுக் கூடு தரையைத் தொட்டுவிட்டால் பிறகு சக்கரங்களின் மேல் பாரமே இருக்காது, இன்னொரு டிராக்டர் வந்து இழுப்பதைத் தவிர வழியில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மணிக்கணக்கு வாடகைக்கு வண்டியைக் கேட்டு வரிசையாகக் காத்திருக்கும் விவசாயிகளின் அவசரம் நியாயமானதே என்றாலும், கைப்பிடி மண்ணை உருட்டினால் உதிராமல் விரலில் ஒட்டும் வரை கரிசல் பதத்துக்கு வரவில்லை என்று சொல்லித் திரும்பும் ஓட்டுநரே அவ்விவசாயிக்கும் நன்மை செய்பவர். பதம் வந்த கரிசலில் சட்டிக் கலப்பை பூட்டி உழும்போது நிலைமை மாறுகிறது: ஒரு சக்கரம் முந்தைய சாலின் அடியிலும் மற்றது உழாத மேட்டிலும் ஓடுவதால் வண்டி சால் பக்கம் சாய்ந்து, மேட்டுச் சக்கரம் பாரம் குறைந்து முதலில் வழுக்குகிறது. பிடிமானம் வேறுபடும் இந்த இடம் பூட்டுக்கு உரிய இடம். நேர்சாலில் போட்டு, வரப்பு நெருங்கும் முன் எடுத்து, திரும்பியபின் தேவையானால் மீண்டும் போடலாம்.

பொன்னாற்றுப் பாசனம் பெறும் தா.பழூர்ப் பக்கத்து நெல்வயல்களில் சேற்றுழவுக்குக் கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டப்படுவதால் பூட்டின் தேவை குறைந்துவிடுகிறது. எஞ்சுவது பெரும்பாலும் வரப்பைக் கடக்கும் வேளைதான். வரப்பைச் செங்குத்தாக அணுகினால் இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், பூட்டே வேண்டியிருக்காது. சாய்வாக அணுகுவதைத் தவிர்க்க முடியாதபோது, முன்சக்கரம் வரப்பைத் தொடும் முன்பே மிதித்துக்கொண்டு, பின்சக்கரங்கள் இறங்கியதும் விட்டுவிட வேண்டும். கோடையில் ஏரிகளில் வண்டல் அள்ளப் போகும் வண்டிகளுக்கு வேறு வகை ஆபத்து உண்டு. சோழகங்கம் என்று ராஜேந்திர சோழன் வெட்டுவித்து இன்று பொன்னேரி என்று வழங்கும் கங்கைகொண்டசோழபுரத்து ஏரியானாலும், ஊர்ப்புறத்துச் சிற்றேரியானாலும், வற்றிய ஏரிப்படுகையின் மேல்பொருக்கு காய்ந்து உறுதியாகத் தோன்றினாலும் அடியில் ஈரம் நின்றிருக்கும். டிரெய்லரில் வண்டல் ஏற்றியபின் பொருக்கு எந்தச் சக்கரத்தின் கீழ் உடையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. புறப்படும் முன்பே பூட்டைப் போட்டு, லோ கியரில், நடுவில் நிற்காமல் கரை வரை நேராக வந்துவிடுவது இங்கே முறை. கொள்ளிடக் கரையோர மணலுக்கும் இதுவே பொருந்தும்.

மிதிக்கும் விதம் குறித்து ஒரே ஒரு விதி போதும், ஆனால் அதை மீறவே கூடாது: ஒரு சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது பூட்டு போடக் கூடாது. பூட்டு என்பது பற்களோ ஊசிகளோ ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இரும்பு இணைப்பு. நின்ற பக்கமும் சுழலும் பக்கமும் திடீரெனக் கோத்துக்கொண்டால் எஞ்சினின் முழு விசையும் அந்தச் சில பற்களின் மேல் அறைகிறது. சக்கரம் சுழலத் தொடங்கிவிட்டால், முதலில் கிளட்சை மிதித்துச் சக்கரங்களை நிற்கவிட்டு, பெடலை அழுத்தி, கிளட்சை மெல்ல விட வேண்டும். உடனே கோக்காவிட்டால், சக்கரங்கள் மெதுவாகச் சிறிது நகரும்போது பற்கள் நேராகித் தாமாகக் கோத்துக்கொள்ளும்.

எடுப்பது போடுவதைவிடக் கடினமான கலை. பெடலிலிருந்து காலை எடுத்ததும் வில் பூட்டை விலக்க வேண்டும் என்றாலும், ஒரு பக்கம் அதிகமாக இழுக்கும்வரை பற்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு விலக மறுக்கின்றன; கால் எடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஓட்டுநர் திரும்ப முயல, ஸ்டியரிங்கை ஒடித்த பிறகும் வண்டி நேராகவே போகிறது. திருச்சி – சிதம்பரம் நெடுஞ்சாலையில் ஏறும் தருணத்தில் இது நேர்ந்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எனவே வயலைவிட்டு வெளியேறும் முன் கிளட்சை ஒருமுறை முழுதாக மிதித்து முறுக்கைத் தளர்த்தி, ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிது அசைத்து, வண்டி இலகுவாகத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்வது வழக்கமாக வேண்டும். அதே இடத்தில் இடது, வலது பிரேக் பெடல்களை இணைக்கும் தாழையும் போட்டுவிடலாம். தனித்தனிப் பிரேக் பூட்டுக்கு ஓரளவு மாற்றும் ஆகும்: சுழலும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் லேசாக அழுத்தினால், அதன் எதிர்ப்பு கூடி மறு சக்கரத்துக்கும் விசை கிடைக்கும். ஆனால் பூட்டையும் ஒற்றைப் பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்துவது, இரண்டு பேர் ஒரே கயிற்றை எதிரெதிரே இழுப்பது போன்றது.

பக்கச் சரிவில் பூட்டு உதவும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. பூட்டாத வண்டியில் ஒரு சக்கரம் வீணாகச் சுழன்றாலும், சுழலாத மற்ற சக்கரம் பக்கவாட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பூட்டிய வண்டியில் இரண்டும் சேர்ந்து சுழலத் தொடங்கினால் பக்கப் பிடிமானமே இல்லாமல் வண்டியின் பின்பாகம் சரிவில் கீழ்நோக்கி வழுகுகிறது. இதனினும் கொடியது, புதைந்த வண்டியை எடுக்கப் பின்சக்கரங்களில் மரக்கட்டையைச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டும் போட்டு ஆக்சிலரேட்டரை அழுத்துவது. சக்கரங்கள் சுழல முடியாத நிலையில் எஞ்சினின் விசை வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது; முன்சக்கரம் எழும்பியதை ஓட்டுநர் உணர்ந்து கிளட்சை மிதிக்கும் முன் வண்டி பின்புறமாகக் கவிழ்ந்துவிடக்கூடும். புதைந்த வண்டி வந்த வழியே ரிவர்ஸில் வெளியேறப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் தாழ்ந்த கொக்கியில் சங்கிலி மாட்டி இன்னொரு வண்டியால் இழுக்கப்பட வேண்டும்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் டிப்பர் ஓட்டப் போகும் எண்ணம் உள்ளவர், அங்கே இரண்டு பின் அச்சுகளுக்கு இடையே ஒன்றும் சக்கரங்களுக்கு இடையே ஒன்றுமாக இருவகைப் பூட்டுகள் இருப்பதையும், அவை டாஷ்போர்டுச் சுவிட்ச்சால் காற்றழுத்தத்தில் இயங்குவதையும் அறிந்துகொண்டால் போதும். அச்சுகளுக்கு இடையிலானதை முதலில் போடுவதும், சக்கரப் பூட்டை அதுவும் போதாதபோது மட்டும் தொடுவதும் முறை. ஜீப் வகை வண்டிகளில் ஃபோர்ஸ் குர்காவின் முன், பின் பூட்டுகளை ஓட்டுநரே போட வேண்டும். 2020இல் வந்த மஹிந்திரா தாரின் பின் அச்சுப் பூட்டோ, சக்கரம் வழுக்கியதும் தானாகவே கோத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. தாரை ஓட்டிப் பழகியவர் டிராக்டரிலும் சக்கரம் சுழலட்டும் என்று காத்திருப்பதைக் காண முடிகிறது. அந்தப் பழக்கத்தை வயல் வரப்பிலேயே விட்டுவிட்டு ஏற வேண்டும்.

வழுக்கலைக் கண்ணால் ஊகிப்பதைவிட எண்ணிப் பார்ப்பது நல்லது. அறுவடை முடிந்த காய்ந்த வயலில் பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடிட்டு, கலப்பையைத் தூக்கியபடி சக்கரம் 10 சுற்று சுற்றும் தொலைவைக் குச்சி நட்டுக் குறித்துக்கொண்டு, கலப்பையை இறக்கி அதே தொலைவை உழுகையில் எத்தனை சுற்று ஆகிறது என்று உடன்வருபவர் எண்ண வேண்டும். பதினொன்றரைச் சுற்று என்றால் வழுக்கல் சுமார் 13 விழுக்காடு. இரு சக்கர இயக்க டிராக்டருக்கு 10 முதல் 15 விழுக்காடு இயல்பானதே. 13 சுற்றுக்கு மேல் போனால், உழவின் ஆழத்தைக் குறைப்பதா, பின்சக்கரத்துக்குப் பாரம் சேர்ப்பதா, பூட்டு போடுவதா என்பதை அப்போது தீர்மானிக்கலாம். இரு பக்கச் சக்கரங்களையும் தனித்தனியே எண்ணி, ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு தெரிந்தால் மட்டுமே மூன்றாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூட்டைச் சோதிக்கும் ஆவலில் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி வைத்து எஞ்சினை ஓட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. பூட்டு விழுந்த நிலையில் தரையில் நிற்கும் மறு சக்கரமும் சுழன்று, வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கி ஓடிவிடும் என்பதால், பட்டறையில் அந்தப் பெடல் பக்கம் கால் போகவே கூடாது.