சாய்வெழுத்தின் அழகும் பயனும்

தேவிகுளத்திலிருந்து மூணாறு செல்லும் மலைச்சாலையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதப்பட்ட பெயர்ப்பலகைகளைக் காணலாம். மூடுபனி இறங்கும் நாளில் சில பலகைகளைத் தொலைவிலிருந்தே படிக்க இயலும். சிலவற்றை அருகில் சென்ற பின்னரே படிக்க இயலும். எழுத்தின் வடிவமும் இதற்கு ஒரு காரணமாகும்.

கையால் விரைந்து எழுதும்போது எழுத்துகள் வலப்பக்கம் சாய்வது இயல்பு. இவ்வியல்பைப் பின்பற்றிப் பிரான்செஸ்கோ கிரிஃபோ என்னும் கலைஞர் அச்செழுத்துகளை வெட்டினார். 1501ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ் என்னும் பதிப்பாளர் வர்ஜிலின் கவிதை நூலை அச்சாய்வெழுத்தில் வெளியிட்டார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் போடோனியும் பாரிசில் தீதோ குடும்பத்தாரும் புதிய வடிவங்களை உருவாக்கினர். அவற்றில் தடித்த கோடும் மயிரிழை போன்ற மெல்லிய கோடும் ஒரே எழுத்தில் அமைந்தன. கோட்டின் முனைகளில் நுண்ணிய குறுங்கோடுகள் இருந்தன. இத்தகைய எழுத்துகள் இன்றும் இதழ்த் தலைப்புகளையும் விளம்பரங்களையும் அழகு செய்கின்றன.

தமிழ் எழுத்தின் வரலாறு வேறு. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு ஏறத்தாழ ஒரே பருமன் உடையது. தமிழ் எழுத்துகளில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூல், இன்றைய கேரளத்தைச் சேர்ந்த கொல்லத்தில் 1578இல் வெளிவந்தது. ஓலையில் வாழ்ந்த எழுத்து உலோகத்திற்கு மாறிய தொடக்கக் காலத்திற்கு அந்நூல் சான்றாகும். பிற்காலத்தில் தமிழிலும் தடிப்பும் மெலிவும் கொண்ட எழுத்துருக்கள் தோன்றின. உரோமன் சாய்வெழுத்துக்குத் தனி வடிவம் உண்டு. தமிழிலோ பெரும்பாலும் நேரெழுத்தே சாய்க்கப்படுகிறது.

தமிழில் ஒரு சிறு கோடும் பொருளை மாற்றும். 'ஏ' என்னும் எழுத்தை 'எ' என்பதிலிருந்து பிரித்துக் காட்டுவது அடியில் உள்ள சிறு கோடே. அக்கோடு மயிரிழையாக மெலிந்து மறைந்தால் 'ஏரி' என்பது 'எரி' ஆகிவிடும். புள்ளி மறைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். நூலின் அட்டையில் பெரிதாக அச்சிடும்போது இத்தீங்கு நேர்வதில்லை. ஆனால் வளைவுச் சாலையின் எச்சரிக்கைப் பலகையிலும் மருந்துப் புட்டியின் சீட்டிலும் ஓர் எழுத்து மாறினால் உயிருக்கே ஊறு நேரலாம்.

ஆகவே தலைப்புக்கு அழகும் அறிவிப்புக்குத் தெளிவும் முதன்மையாகும். இடமறிந்து எழுத்தைத் தேர்வதும் மொழியறிவின் ஒரு பகுதியே.

சொற்பொருள்
எழுத்தாணி – ஓலையில் எழுதும் கருவி
பருமன் – தடிப்பின் அளவு
ஊறு – தீங்கு

பயிற்சி
1. சாய்வெழுத்து எவ்வியல்பைப் பின்பற்றி உருவானது?
2. ஓலையெழுத்துக்கும் போடோனியின் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. ஒரு கோட்டால் அல்லது புள்ளியால் பொருள் மாறும் சொல் இணைகள் ஐந்து எழுதுக.
4. உம் ஊரிலுள்ள பெயர்ப்பலகை ஒன்றை இருபது அடி தொலைவிலிருந்து படித்து, தெளிவாகத் தெரியாத எழுத்துகளைக் குறிப்பிடுக.