அடுப்படிச் சுவருக்கு டைல்ஸ் வாங்கப் போகிறீர்களா?

"ஏனுங்க டாக்டர், பையனுக்கு மூச்சிரைப்புன்னு கூட்டிட்டு வந்தா, சமையல்கட்டுச் சுவரைப் பத்திக் கேக்கறீங்க?" என்றார் அந்தத் தாய். ராசிபுரம் பக்கத்துக் கிராமம். வீடு கட்டி மூன்று வருஷம். அடுப்பு மேடைக்குப் பின்னால் சின்னச் சின்னப் பூப்போட்ட டைல்ஸ் என்று பெருமையாகவே சொன்னார். "கரப்பான்பூச்சி உண்டா?" என்றேன். "அதுக்கென்னங்க குறைச்சல்!"

விஷயம் அங்கேதான் இருக்கிறது. கரப்பான்பூச்சியின் எச்சமும் உதிர்ந்த தோலும் தூளாகிக் காற்றில் கலந்தால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இரைப்பு கிளம்பும். (சித்த நூல்களில் வரும் 'கரப்பான்' வேறு, அது தோல் நோய்.) எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் இருக்கும் இடம் பூச்சிக்கு விருந்து. டைல்ஸின் பளபளப்பைத் துடைத்துவிடலாம். இரண்டு டைல்ஸுக்கு நடுவே ஓடும் கோட்டில், அதாவது ஜாயிண்டில், ஏறிய பிசுக்கு போகாது.

நம் பாட்டிமார் காலத்தில் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பார்கள். சுண்ணாம்பின் காரம் பூஞ்சையை அண்டவிடாது. சுவரும் வருஷா வருஷம் புதுசாகும். டைல்ஸ் சுவருக்கு அந்தப் பொங்கல் கிடையாது. ஒட்டியது ஒட்டியதுதான். ஆகவே கடைக்குப் போகும்போது கலரைப் பார்க்கும் முன் கோட்டைக் கணக்குப் போடுங்கள்.

மேடைச் சுவர் 8 அடி நீளம், 2 அடி உயரம் என்று வையுங்கள். 4 அங்குலச் சதுர டைல்ஸ் ஒட்டினால் நடுவே வரும் கோடுகளின் மொத்த நீளம் 86 அடி! ஓரங்குல மொசைக் என்றால் 374 அடி. அதே சுவரில் ஓரடிக்கு இரண்டடி டைல்ஸை நிறுத்தி ஒட்டினால் குறுக்குக் கோடே வராது. எட்டே டைல்ஸ், வெறும் 14 அடிக் கோடு. துடைக்கப் போவது நீங்கள்தானே?

வழுவழுப்பான, பளபளப்பான டைல்ஸே அடுப்படிக்கு நல்லது. சொரசொரப்பு, புடைப்புப் பூ எல்லாம் வரவேற்பறைக்கு இருக்கட்டும். மார்பிள் வேண்டவே வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்துவிடும். கருநிறம் அழுக்கை மறைக்கும். அதனாலேயே நான் வெளிர்நிறத்தைச் சொல்வேன். முதலில் ஒரே ஒரு டைல் வாங்கி வந்து, நல்லெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்துப் பூசி, ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் துடையுங்கள். கறை நின்றால் வேறு பாருங்கள். ஜாயிண்டே வேண்டாம் என்பவர்கள் அடுப்புக்குப் பின்னால் மட்டும் எவர்சில்வர் தகடு பதிக்கலாம். உருக்காலை உள்ள சேலத்துக்காரர்களுக்கு இதை நானா சொல்ல வேண்டும்?

கோட்டை ஒயிட் சிமென்டால் நிரப்பினால் எண்ணெயைக் குடித்து மஞ்சளாகிவிடும். 'எபாக்ஸி' என்று கேளுங்கள். விலை கூடத்தான், ஆனால் எண்ணெயோ தண்ணீரோ இறங்காது. மேடையும் சுவரும் சேரும் மூலையில் இடுக்கு விடாமல் சிலிகான் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். பூச்சி குடியேறுவது அங்கேதான். டைல்ஸ் அறுப்பதை வாசலில், தண்ணீர் விட்டு அறுக்கட்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இன்னொன்று, நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. டைல்ஸில் வெள்ளை படியும். உடனே கக்கூஸ் ஆசிடை எடுக்காதீர்கள். அது சிமென்ட் கோட்டை அரிக்கும். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் கலந்துவிட்டாலோ குளோரின் வாயு கிளம்பும். இரைப்புக்காரப் பிள்ளை இருக்கும் வீட்டில் அது உயிருக்கே ஆபத்து. வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் கழுவினால் போதும்.

அந்தத் தாயிடம் டைல்ஸைப் பெயர்க்கச் சொல்லவில்லை. அவ்வளவு செலவு செய்தவரிடம் எப்படிச் சொல்வது? பழைய ஒயிட் சிமென்டைச் சுரண்டிவிட்டு எபாக்ஸி நிரப்பினார்கள். மூலையை அடைத்தார்கள். ராத்திரியில் மேடையைத் துடைத்து உலர விடுகிறார்கள். பையனுக்கு நெஞ்சு டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நான் நிறுத்தச் சொல்லவில்லை. போன மாதம் வந்தபோது, "பூச்சி முக்கால்வாசி போயிடுச்சுங்க" என்றார். மீதிக் கால்வாசி சிங்க்குக்குக் கீழே இருக்கிறதாம். அங்கே குழாய் ஒழுகுகிறது.