மதுவிலக்குச் சட்டமும் மாநிலக் கருவூலமும்

சித்தூருக்கு அண்மையில், பாகுதா ஆற்றங்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். பெயரிலேயே தமிழ் மணக்கும் ஊர். அங்குள்ள வரசித்தி விநாயகர் முன்னிலையில் பொய்ச் சத்தியம் செய்ய மக்கள் அஞ்சுவர். கடன் தகராறு, களவுப் பழி போன்றவற்றைச் சத்தியத்தால் தீர்த்துக்கொள்ள வருவோர் உண்டு. குடியை விட்டுவிடுவதாக ஆணையிட்டுச் செல்வோரும் உண்டு. இந்த ஆணையால் அரசாங்கத்துக்கு ஒரு காசு செலவில்லை. அதே குடியைக் குற்றமென்று சட்டம் இயற்றித் தடுக்க முற்பட்டால் என்ன செலவாகும்? பொருளியல் பயிலும் மாணவன் என்ற முறையில் என்னை ஈர்த்த வினா இதுவே. இதற்கு விடை தேடத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்தின் வரலாறே போதும்.

1937-இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி முதலமைச்சரானார் (அந்நாளில் பிரதமர் என்றே பெயர்). நிதிப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. அவ்வாண்டு நிறைவேறிய சென்னை மதுவிலக்குச் சட்டம் கள்ளிறக்குவது, சாராயம் காய்ச்சுவது, விற்பது, குடிப்பது அனைத்தையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதுவரை கள்ளுக்கடை ஏலத்தாலும், மர வரியாலும், சாராயத் தீர்வையாலும் வந்த பணம் மாகாண வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. நேற்றுவரை வருவாய் இனமாக இருந்த ஒரு செயல், ஒரே கையொப்பத்தால் செலவினமாக மாறியது! கடைக்காரன் பணம் கட்டிய இடத்தில், இப்போது காவலருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இராஜாஜி இதை உணராதவர் அல்லர். அதனால்தான் சட்டத்தை மாகாணம் முழுவதும் ஒரே நாளில் விரிக்கவில்லை. 1937 அக்டோபர் 1-இல் சேலம். அடுத்த அக்டோபரில் சித்தூரும் கடப்பையும். 1939-இல் வட ஆர்க்காடு என்று படிப்படியாகச் சென்றார். சித்தூரைத் தேர்ந்ததில் ஓர் இடர் உண்டு. மேற்கே எல்லையைத் தாண்டினால் மைசூர் சமஸ்தானம். அங்கே மதுவிலக்கு இல்லை. எல்லையின் ஒருபுறம் குற்றம், மறுபுறம் வாணிபம் என்றால் காவலுக்கு ஆகும் செலவு பெருகும் என்பதை எவரும் ஊகிக்கலாம்.

இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பொருள்கள் அனைத்தின் விற்பனை மீதும் பொதுவாக விதிக்கப்பட்ட முதல் வரி அதுவே. வணிகர்கள் பெரிதும் எதிர்த்தனர். விகிதம் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவுதான். ஆயினும் குடிகாரன் கொடுத்துவந்த பணத்தை இனி உப்பும் துணியும் விற்பவன், அதாவது அவற்றை வாங்குபவன், கொடுக்க வேண்டியதாயிற்று. இது நியாயமா என்று கேட்டால், குடிகாரன் வீட்டுப் பெண்கள் ஒரு விடை சொல்வர், வணிகர் வேறொரு விடை சொல்வர். கணக்கை மறைக்காமல் மக்கள் முன் வைத்த துணிவைத்தான் நான் மெச்சுகிறேன்.

பின்னர் நடந்தது விந்தை. 1944-இல் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது, கள்ளுக்கடை திரும்பியது, விற்பனை வரியோ போகவில்லை! வந்த வரி திரும்பிப் போவதில்லை போலும். 1948-இல் மாகாணம் முழுவதும் மீண்டும் மதுவிலக்கு ஏற்பட்டது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூரோடு சட்டமும் அங்கே சென்றது. புதிய அரசு பணமின்றித் தவித்தது. மதுவிலக்கை ஆராய்ந்த இராமமூர்த்திக் குழு அதைக் கைவிடுமாறு கூறியது. அரசு தயங்கியது. 1954 நவம்பரில் இப்பிரச்சினையிலேயே பிரகாசம் அமைச்சரவை ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது.

வரலாறு திரும்பவும் அதே பாடத்தை நடத்தியது. நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் கிளர்ந்த பெண்களின் சாராய எதிர்ப்பு 1993-இல் சாராயத் தடையைக் கொணர்ந்தது. 1995 சனவரியில் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். அவரது இரண்டு ரூபாய் அரிசித் திட்டத்துக்கும் பணம் வேண்டியிருந்தது. அடுத்து வந்த சந்திரபாபு நாயுடு 1996-இல் அரிசி விலையை மூன்றரை ரூபாயாக உயர்த்தினார். மின் கட்டணமும் ஏறியது. 1997-இல் மதுவிலக்கே தளர்ந்தது. குடியை ஒழித்த பெண்ணே அரிசிக்குக் கூடுதல் விலை கொடுத்தாள்.

இதுவரை சொன்னது வரவுக் கணக்கு. செலவுக் கணக்கை எவரும் ஒழுங்காக எழுதியதாகத் தெரியவில்லை. புதிய குற்றம் என்றால் புதிய வழக்கு; வழக்கென்றால் நீதிபதி, எழுத்தர், அரசு வழக்கறிஞர், சிறையில் சோறு. மதுவிலக்கு பிறந்த அதே சேலத்தின் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், 2005-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது: ஒரு மசோதாவுடன் வைக்கப்படும் நிதிக் குறிப்பில், அதனால் எழக்கூடிய புதிய வழக்குகளின் செலவும் மதிப்பிடப்பட வேண்டும் என்ற கருத்தை ஏற்றது. சட்டமன்றங்கள் இதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 2016-இல் மதுவிலக்கு ஏற்ற பீகாரில் உயர் நீதிமன்றம் பிணை மனுக்களால் நிரம்பியது. 2021 டிசம்பரில் விசயவாடாவில் பேசிய தலைமை நீதிபதி என்.வி.ரமணா, முன்யோசனையற்ற சட்டமியற்றலுக்கு இதையே எடுத்துக்காட்டாகக் கூறினார். அடுத்த ஆண்டே பீகார் தன் சட்டத்தைத் திருத்தி, முதன்முறை குடித்துப் பிடிபட்டவரை அபராதத்தோடு விட வழி செய்தது. மனம் இரங்கியன்று, நீதிமன்றத்தில் இடமில்லாமல்!

நண்பர்களே, இன்னொரு வேறுபாட்டை நாம் கருத வேண்டும். 1939-இல் ஒரு மாகாணம் புதிய வரியால் துளையை அடைக்க முடிந்தது. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் அந்தக் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. விற்பனை வரியின் வழிவந்த வரிகளுள் மாநிலத்தின் கையில் எஞ்சியவை, பெரும்பாலும் பெட்ரோல், டீசல், மது ஆகியவற்றின் மீதுள்ளவையே. மதுவை விலக்க மதுவரியை இழக்கும் அரசு, அந்த இடத்தில் எதை வைக்கும்? தமிழ்நாட்டில் 2023-24-இல் மது வாயிலாக வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஆந்திரத்திலோ 2024 அக்டோபரில் 3,396 மதுக்கடைகள் குலுக்கல் முறையில் தனியாருக்கு வழங்கப்பட்டன. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கட்டணம் இரண்டு இலட்சம். கடை கிடைக்காவிடினும் திரும்பி வராது. ஏறத்தாழ 90,000 விண்ணப்பங்கள் வந்தன. ஒரு புட்டியும் விற்பதற்கு முன்பே 1,800 கோடி ரூபாய் அளவில் கருவூலத்தில் சேர்ந்துவிட்டது.