ஷிஃப்ட் மாறலாம், மாத்திரை நேரம் மாறக்கூடாது

வடசென்னை அனல்மின் நிலையத்திலோ எண்ணூர் துறைமுகத்திலோ ஷிஃப்ட் மாறினால் சாப்பாடும் தூக்கமும் இடம் மாறும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு, அதை உடல் எதிர்க்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் நேரம் மட்டும் மாறக்கூடாது. தினம் இருவேளை என்றால் காலை 8, இரவு 8. செல்போனில் அலாரம் வைத்துக்கொள்வதில் வெட்கமென்ன?

இத்தனை கறார் எதற்கு? ரத்தத்தில் மருந்தளவு அடிக்கடி இறங்கினால், தானமாக வந்த உறுப்பை அந்நியன் என்று கண்டுகொண்டு உடல் அதற்கெதிரான ஆன்டிபாடிகளை உருவாக்கும். பெரும்பாலும் வலியிருக்காது, காய்ச்சலிருக்காது. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறும்போது சேதம் தொடங்கி மாதக்கணக்கில் ஆகியிருக்கலாம்.

மருந்தளவைப் பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை.

மாற்று அறுவைக்காக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் பழைய ரத்தமேற்றம், கர்ப்பம், கருக்கலைவு எதையும் மறைக்க வேண்டாம். அவற்றாலும் ஆன்டிபாடிகள் முன்கூட்டியே உருவாகியிருக்கலாம்.

பம்பளிமாஸ் பழம் மருந்தளவை ஏற்றிவிடலாம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் சடசடவென இறக்கிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்துக்கே ஆகாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடசென்னைத் தெருக்களை நாள்கணக்கில் முடக்கியது நினைவிருக்கும். ஐப்பசி பிறக்குமுன் பத்து நாள் மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, பரணில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மருந்துச் சீட்டின் படம் செல்போனில் இருக்கட்டும்.