சாய்தலும் சாய்த்தலும்

சாய் என்னும் பகுதி ஒன்றே. அதினின்று சாய்ந்தான், சாய்த்தான் என இரு வினைமுற்றுக்கள் பிறக்கும். தானே ஒருபுறஞ் சரிதல் சாய்தல். பிறிதொன்றைச் சரியச்செய்தல் சாய்த்தல். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. “ஏணியைச் சுவரிற் சாய்ந்து வைத்தான்” என மாணாக்கர் எழுதுதலை நாம் பலமுறை கண்டுள்ளோம். ஏணியை என இரண்டாம் வேற்றுமை நிற்றலின், சாய்த்து என்பதே ஆண்டு வேண்டப்படும்.

சாய்த்தான் என்பதிற் சாய் பகுதி, முதற் றகரம் சந்தி, அடுத்த தகரம் இறந்தகால இடைநிலை, ஆன் விகுதி. சாய்ந்தான் என்பதில் அச்சந்தித் தகரம் நகரமானது விகாரம். நிகழ்காலத்திற் சாய்கிறான், சாய்க்கிறான் எனவும், எதிர்காலத்திற் சாய்வான், சாய்ப்பான் எனவும் வருமாறு காண்க.

நெற்கதிர் சாய்ந்தது, பொழுது சாய்ந்தது, ஒருவர் பக்கஞ் சாய்ந்தான் என்பன தன்வினை வழக்குக்கள். வீட்டுத் திண்ணையிலுள்ள சாய்மனைக் கதிரையும் இப்பகுதியினின்று வந்த பெயரே. சாயங்காலம், சாயரட்சை என்பனவோ மாலை எனப் பொருள்படும் சாயம் என்னும் வடசொல்லின் வழி வந்தன. இவற்றை இதனோடு சேர்த்தல் பிழை.

இவ்வேறுபாடு இலக்கண பாடத்தோடு அமைவதன்று. திருப்பனந்தாட் டல வரலாற்றை நோக்குக. தாடகை என்னும் அம்மையார் மாலை சாத்தும்போது ஆடை நெகிழ, அதனை முழங்கைகளால் இடுக்கிக்கொண்டு வருந்தினார். அவர்பொருட்டுச் சிவலிங்கத் திருமேனி சாய்ந்தது. இதனை ஒரு மாணாக்கன் “தாடகை சிவலிங்கத்தைச் சாய்த்தாள்” என எழுதின், வாக்கியம் இலக்கணத்தாற் குற்றமின்று. பொருளோ முற்றும் பிழை. இறைவனை ஒருவர் சாய்க்கவும் நிமிர்க்கவுங் கூடுமாயின், எண்குணங்களுள் ஒன்றாகிய தன்வயத்தனாதல் என்னாம்?

பின்னர் அரசன் யானைகளைப் பூட்டி இழுப்பித்தும் அத்திருமேனி நிமிர்ந்திலது. குங்குலியக்கலய நாயனார் தங் கழுத்திற் கயிறு பூட்டி இழுத்தார். அவரன்பிற் கிரங்கி இறைவர் நிமிர்ந்தருளினார்.

ஆதலின் ஆசிரியர்கள் இவ்வரலாற்றைக் கூறியபின், “சாய்ந்தவர் யார்? நிமிர்ந்தவர் யார்? அவரைச் சாய்த்தவரும் நிமிர்த்தவரும் உளரோ?” என மாணாக்கரை வினாவுக. “ஒருவருமிலர், அன்பின்பொருட்டுத் தாமே சாய்ந்தார், தாமே நிமிர்ந்தார்” என்னும் விடை அவர் வாயினின்றே வருதல் வேண்டும். வந்தவழி, தன்வினையும் பிறவினையும் அவருள்ளத்து நிலைபெறும். இறைவனது திருவருளியல்பும் உடன் விளங்கும்.